முயல் கடித்த கன்றுகள்

ஆற்றங்கரையில் சாஸ்கட்டூன் என்கிற கறுப்புப் பழச்செடிக்குப் பஞ்சமே இல்லை. சரிவு முழுக்க அதுதான் புதர் புதராக நிற்கும். ஜூலை பிறந்துவிட்டால் பெண்கள் பன்றிக்கொழுப்பு வந்த தகர வாளிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். சாயங்காலம் ஏறி வரும்போது பிள்ளைகளின் நாக்கும் பல்லும் ஊதா நிறமாகியிருக்கும். வாசலைத் தாண்டினால் சும்மா கிடைக்கிற ஒன்றைத் தோட்டத்தில் வைத்து யார் வளர்ப்பார்கள்? யூலாலி வளர்த்தாள். அவள் செடியின் பழம் வெள்ளை.

பால் மாதிரி வெள்ளை. நன்றாகப் பழுத்த பிறகு தோளில் லேசாக ஒரு சிவப்பு ஓடும், அவ்வளவுதான். கொட்டையைக் கடித்தால் பாதாம் வாசம். பழுத்ததா பழுக்காததா என்று பறவைகளுக்கே முதலில் பிடிபடாது. யூலாலியின் அம்மா ஓடைப் பள்ளத்தில் அதைக் கண்டுபிடித்து, மகள் கல்யாணமாகி அம்புரோஸ் வீட்டுக்கு வந்தபோது பக்கக்கன்று ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பினாள். சீர் என்று வேறு எதுவும் கொடுக்க அந்த வீட்டில் இல்லை. பிறகு ஒரு வசந்தத்தில் ஆறு பெருகி ஓடைக்கரையே சரிந்து போனது. அப்புறம் அந்தப் பழம் இந்தத் தோட்டத்தில் மட்டும்தான்.

அவள் அந்தச் செடிக்குச் செய்ததைப் பெற்ற பிள்ளைகளுக்குச் செய்திருந்தால் இரண்டு பையன்களும் ரயில் வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பனி உருகுவதற்கு முன்பே, முழங்கால் புதையப் போய் முற்றின கிளைகளைக் கழிப்பாள். ஆற்றில் பிடித்த மீனின் தலையையும் குடலையும் தூரில் புதைப்பாள். மே மாதத்தில் பூ விரிந்திருக்கும்போது உறைபனி இறங்கும் போலிருந்தால், ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை மூட்டம் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். காய் திரண்டதும் பழைய மீன்வலை ஒன்றை எடுத்து மேலே போர்த்துவாள். அம்புரோஸ் உதவிக்கு வந்ததில்லை. முட்டி வலி. குனிந்தால் நிமிர முடியாது என்பார். வைக்கோல் வெட்டவும் வேலி போடவும் அக்கரைப் பண்ணைகளுக்கு வாரக்கணக்கில் போகிற மனிதர்; வீட்டுக்கு வந்தால் ஓய்வெடுக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

செடிக்கு நோய் கண்டது நான்கு வருடத்துக்கு முன்னால். ஒரு கிளையின் பட்டை உள்வாங்கிக் கறுத்தது. கத்தியை நெருப்பில் காட்டி, நோய் தொட்ட இடத்துக்கு ஒரு முழம் கீழே வெட்டினாள். அடுத்த கிளையில் வந்தது. அந்த வசந்தத்தில் தூரில் இரண்டு பக்கக்கன்றுகள் மட்டும் சுத்தமாக, வழவழவென்று முளைத்து நின்றன. தாய்ச்செடி போனாலும் இவை பிழைக்கட்டும் என்று, வேரில் மண் உதிராமல் தோண்டி எடுத்து, "கொட்டகைக்குப் பின்னால, நோய் அண்டாத தூரத்துல வச்சிருங்க" என்று அம்புரோஸிடம் கொடுத்தாள். அவளுக்கு அப்போது நிமோனியாக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் அவரே வந்து சொல்லிவிட்டார், முயல் கடித்துவிட்டது, மிச்சம் வைக்காமல் கடித்துவிட்டது என்று. யூலாலி போர்வைக்குள் அழுதாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தூரில் கன்று வரவேயில்லை. இந்த வருடம் பூவும் இல்லை.

மாதா கெபித் திருவிழாவுக்கு அதனால்தான் அவள் சரிவில் பறித்த கறுப்புப் பழத்தோடு போனாள். ஆற்றின் இரண்டு கரைச் சனமும் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூடாரம் போடுகிற திருவிழா. அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாகக் காய்த்த செடியின் பழத்தை மாதாவுக்குக் கொடுக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். மாதா நிற்கிற கல்குகைதான் கெபி; பழத்தை அதன் முன்னால் வைத்துச் சாமியார் மந்திரித்த பிறகு எல்லார் பழமும் ஒரே அண்டாவில் விழும். மாவும் சர்க்கரையும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றுவார்கள். மாதாவுக்குச் சேரவேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துணிச்சல் அந்தச் சனத்தில் எந்தக் கெட்டவருக்கும் கிடையாது.

அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தவர் பத்ரீஸ் மாமா. யூலாலி வாளியோடு வந்ததும் துடுப்பை நிறுத்தினார்.

"ஏ யூலாலி, ஒன் செடி பொழச்சிருச்சா? ஒரு வார்த்த சொல்லலையேம்மா."

"எங்க மாமா பொழச்சது? இந்த வருசம் ஒரு பூவுகூட இல்ல."

"அப்ப இதென்ன?"

துடுப்பின் நுனியில் நாலைந்து வெள்ளைப் பழங்களை அள்ளிக் காட்டினார். கறுப்புச் சாற்றில் நனைந்தும் வெள்ளை தெரிந்தது. யூலாலி ஒன்றை எடுத்து இரண்டாகக் கிள்ளினாள். வாசத்துக்காக மூக்கருகே கொண்டுபோக வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"யாரு போட்டது மாமா?"

"அக்கரையில கதிரடிக்கிற ஆளுகளுக்குச் சமைக்குமே, தெலிமா. செத்துப்போன பெலிக்ஸ் பொண்டாட்டி. புதுச்செடி, மொதக் காய்ப்புன்னு சொல்லி..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து, திடீரென்று அண்டா அடிப்பிடித்துவிடும் போல மும்முரமாகக் கிண்டத் தொடங்கினார்.

யூலாலி திரும்பினாள். பக்கத்து அடுப்பில் வெரோனிக்கா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அம்புரோஸின் தங்கை. பக்கத்து வீடு. யூலாலிக்குப் பிரசவம் பார்த்தவள், காய்ச்சலில் கஞ்சி ஊற்றியவள், உப்புக்கும் ஊர்வம்புக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவை வேலி தாண்டி வருகிறவள். அவள் கை மாவுக்குள் அப்படியே நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் யூலாலிக்குப் பாதி புரிந்தது. மீதியைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வெரோனிக்கா, அந்தச் செடி அங்க எப்படிப் போச்சு?"

"எந்தச் செடி மதினி?"

"மாவைப் பெசஞ்சது போதும். கையைக் கழுவிட்டு வா."

இரண்டு பேரும் வண்டிகளுக்குப் பின்னால், குதிரைகள் கட்டியிருந்த பக்கம் போனார்கள். ஜெபமாலைச் சத்தம் இங்கேவரை கேட்டது. கொசு பிடுங்கியது.

"எங்கண்ணன் கொண்டுபோனாரு," என்றாள் வெரோனிக்கா. "ஒனக்கு அப்ப காய்ச்சல். நான்தான் ஒன்கூட இருந்தேன். சாக்குல சுத்திப் படகுல ஏத்திக்கிட்டுப் போனதைச் சன்னல் வழியாப் பாத்தேன்."

"முயல் கடிச்சிருச்சுன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்ன?"

"நின்னேன்."

"'பாவம் மதினி, இந்த முயலுகளை விசம் வச்சுத்தான் கொல்லணும்'னு சொன்னது நீதானே?"

வெரோனிக்கா கையில் உட்கார்ந்த கொசுவை அடித்தாள்.

"செடி மட்டுந்தானா? இல்ல, அவரும் அங்கதானா?"

"மதினி..."

"எத்தனை வருசமா?"

"பெலிக்ஸ் செத்த மறுவருசத்துல இருந்து. சண்டை போட்டுப் பாத்தேன் மதினி. மாதாமேல ஆணையா. நீ வாயத் தொறந்தா என் வீட்டு வாசப்படி மிதிக்காதன்னுட்டாரு. கூடப்பொறந்தவன் ஒருத்தன்தான் எனக்கு. நான் என்ன செய்ய?"

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்."

"சொன்னா நீ போயிருவ. தம்பி வீட்டுக்குப் போயிருவ. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?" வெரோனிக்கா மூக்கைப் பாவாடையில் துடைத்தாள். "அதுவுந்தான் காரணம். பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்ல மாட்டியா," என்றாள் யூலாலி. "நல்லது."

வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. பத்ரீஸ் மாமாவுக்குத் தெரியும். படகுக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது. போன வருடம் அவள் செடிக்காக நேர்ச்சை செய்து கெபியைச் சுற்றி முழங்காலிலேயே வந்தபோது, வரிசையில் நின்று 'அய்யோ பாவம்' என்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது. புருஷன் ஏமாற்றியதைவிட, தான் இத்தனை பேர் முன்னால் சாகக் கிடந்த ஒரு செடிக்காக முட்டி தேய்த்தது பெரிய அவமானமாகத் தோன்றியது.

மறுநாள் காலையில், ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து ஓடும் கம்பிப் படகில் அக்கரைக்குப் போனாள். படகுக்காரன் வழக்கமாக வானிலை பேசுகிறவன், அன்று கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

தெலிமாவின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வேலியோரமாக இரண்டு செடிகளும் ஆள் உயரத்துக்கு நின்றன. யூலாலி வெளியிலிருந்தே பார்த்தாள். முற்றின தண்டுகளைத் தூரோடு ஒட்டிச் சாய்வாக வெட்டியிருந்தது. நடுவில் வெளிச்சம் இறங்கும்படி கிளைகளை விலக்கியிருந்தது. முயல் அண்டாமல் தூரைச் சுற்றிக் கம்பிவலை. மேலே மீன்வலை போர்த்தி, காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை கல் கட்டியிருந்தது. கீழே ஒரு பலகை கிடந்தது, மண்டியிட்டு மண்டியிட்டு நடுவில் வழுவழுப்பாகியிருந்தது. தன் தோட்டத்தில் ஒரு நாள் குனியாத மனுஷன் இங்கே முட்டி போட்டிருக்கிறார். அவளைப் பார்த்துத்தான் எல்லாம் கற்றிருக்கிறார். சன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கற்றிருக்கிறார்.

தெலிமா மாவுக் கையோடு வெளியே வந்தாள். பருத்த, சிரித்த முகம். யாரென்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"வாங்கக்கா."

"என்னை அக்கான்னு கூப்புடாத."

"சரி. உள்ள வாறீங்களா? டீ கொதிக்குது."

"இங்கயே நிக்கிறேன்."

தெலிமாவும் நின்றாள். மாவை விரல் விரலாக உருட்டி உதிர்த்தாள்.

"அவரு வாரது தப்புன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல வருசா வருசம் சொல்லுறேன், வருசா வருசம் திரும்பச் செய்யுறேன். அதுக்கு நீங்க என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கிறேன். ஆனா செடியில தப்பு இருக்குன்னு நான் நெனக்கலை. நீங்க குடுத்து விட்டதாத்தான் சொன்னாரு."

"நான் குடுத்து விட்டேனா?"

"புருசன் செத்தவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு என் பொண்டாட்டியே தோண்டிக் குடுத்தான்னாரு. நான் அழுதுட்டேன். இப்படிப்பட்ட பொம்பளைக்கா துரோகம் பண்ணுறோம்னு ஒரு மாசம் அவரைப் படியேத்தலை."

"ஒரு மாசம்," என்றாள் யூலாலி.

"பொய்யா அது?"

"எனக்கு நிமோனியா. கொட்டகைக்குப் பின்னால வைங்கன்னு குடுத்தேன். முயல் கடிச்சிருச்சுன்னு வந்து சொன்னாரு."

தெலிமா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளும் ஏமாந்தவள்தான் என்பது யூலாலிக்குத் தெரிந்தது. அதனால் அவள்மேல் இரக்கம் ஒன்றும் வரவில்லை. ஒரே ஆளிடம் இரண்டு பேர் ஏமாந்தால் உறவாகிவிடுமா என்ன.

"தெரிஞ்சிருந்தா கெபிக்குக் கொண்டு வந்திருப்பனா?" என்றாள் தெலிமா. "மொதக் காய்ப்பு. மாதாவுக்குக் குடுக்காம எப்படித் திங்க? அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. இந்த ஒரு வருசம் விட்டுருன்னாரு. எனக்கு மனசு கேக்கலை. கன்னு வெடிச்சிருக்கு பாருங்க, தூர்ல. வேணுங்கிறதை எடுத்துக்கங்க."

"ஜூலையில தோண்டினா செத்துப்போகும்."

"ஆமா, எலை உதிரட்டும். வாங்க, நானே தோண்டி..."

"நீ தொடாத. எனக்குக் குடுக்க ஒன்கிட்ட இதுல ஒண்ணும் இல்ல. எலை உதிர்ந்ததும் வருவேன். என் கன்னை நான் எடுத்துக்குவேன்."

போவதற்கு முன் வலையைத் தூக்கி ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தாள். பட்டை சுத்தமாக இருந்தது. நோயின் சுவடே இல்லை. வெட்டிப் போட்டுவிடலாம் என்று படகில் வரும்போது நினைத்திருந்தாள். கையில் பட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. அவள் அம்மாவின் செடி அது. எங்கே நின்றாலும் அம்மாவின் செடிதான். வேலிக்கு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கறி உருண்டைச் சூப் வைத்தாள். அம்புரோஸ் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். செய்தி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. இரண்டு கரண்டி குடித்தார்.

"உப்புப் பத்தலை," என்றார்.

உப்பை நகர்த்தி வைத்தாள்.

"நீ அங்க போனியாமே."

"போனேன். நல்லா வளத்திருக்கீங்க."

அவருக்கு அது குத்தலா பாராட்டா என்று பிடிபடவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

"யோசிச்சுப் பாரு புள்ள. நான் செஞ்சது தப்பு, இல்லங்கலை. ஆம்பள புத்தி. ஆனா கன்னு விசயத்துல என்னைக் கொறை சொல்லாத. நம்ம மண்ணு முழுக்க நோயி. இங்க வச்சிருந்தா அதுவும் போயிருக்கும். நான் அன்னிக்கு அங்க கொண்டுபோய் வைக்கலைன்னா, இன்னிக்கு ஒங்கம்மா செடி ஏது?"

யூலாலி கரண்டியை வைத்தாள். இத்தனை வருடத்தில் அவர் மேல் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. களவாண்டவர் காப்பாற்றியவராக வந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு அவள் நன்றி சொல்ல வேண்டுமாம்.

"நான் அழுதேன்ல," என்றாள். "முயல் கடிச்சிருச்சுன்னு சொன்னப்ப."

"பழசை ஏன் இப்ப..."

"நீங்க கண்ணைத் தொடச்சு விட்டீங்க. அந்தக் கையில மண்ணு வாசம் அடிச்சுது. பாவம், கொட்டகைக்குப் பின்னால எனக்காகத் தோண்டிட்டு வந்த கையின்னு நெனச்சேன். அந்தக் கையை எடுத்து முத்தங்குடுத்தேன்."

அம்புரோஸ் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெலிமாகூட இருந்ததை நான் என்னிக்காவது மறந்துருவேனோ என்னவோ. இதை மறக்க மாட்டேன்," என்றாள். "சாப்புடுங்க. ஆறுது."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆகஸ்டில் வைக்கோல் கட்டினார்கள். உருளைக்கிழங்கு தோண்டினார்கள். அவள் சமைத்தாள், துவைத்தாள், குளிர்காலத்துக்கு விறகு அடுக்கினாள். வெரோனிக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "மதினி" என்று கூப்பிட்டால் "என்ன" என்று கேட்டாள். வேலியைத் தாண்டி வா என்று சொல்லவில்லை. அக்கரை வேலையை விட்டுவிட்டதாக அம்புரோஸ் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். விட்டும் இருந்தார். யூலாலி மன்னித்துவிட்டாள், தங்கமான பொம்பளை என்று ஊர் பேசியது. அம்புரோஸும் அப்படித்தான் நம்பினார். செப்டம்பரில் ஒருநாள், பழைய செடியிலிருந்து தள்ளி, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு குழி தோண்டினார். முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆற்று வண்டலும் மக்கின சாணியும் கொண்டுவந்து அடியில் பரப்பினார். சுற்றி முயல் கம்பியும் அடித்து வைத்தார். யூலாலி துணி காயப்போட அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் குழியைப் பார்த்தாள். நல்ல குழி. அவளே தோண்டினாலும் அதைவிட நன்றாகத் தோண்ட முடியாது.

அக்டோபரில் இலை சிவந்து உதிர்ந்தது. வடக்கே மர ஆலையில் வேலை பார்க்கிற தம்பி மொதெஸ்துக்குச் சொல்லி அனுப்பினாள். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஒரு காலையில் படகேறினாள். தெலிமா கதவைத் திறந்து வெளியே வரவில்லை. சன்னல் திரை மட்டும் ஆடியது. யூலாலி அந்த வழுவழுத்த பலகையைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஈர மண்ணிலேயே முட்டி போட்டாள். ஒரு கன்றுதான் எடுத்தாள். வேர் அறாமல், தாய்மண் உதிராமல் சுற்றிலும் வெட்டி, ஈரச்சாக்கில் பொதிந்தாள். தோண்டின இடத்தைத் திரும்ப மூடி, தாய்ச்செடியின் வேருக்குக் காற்று புகாமல் மிதித்து விட்டாள்.

படகு இக்கரை சேரும்போது அம்புரோஸ் தள்ளுவண்டியோடு கரையில் நின்றார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கொஞ்சம் தள்ளி மொதெஸ்தின் லாரி நின்றது. அதன் பின்னால் யூலாலியின் தகரப்பெட்டியும், தையல் மிஷினும், சுருட்டின மெத்தையும் ஏற்றியிருந்தன. அம்புரோஸ் அதைப் பார்த்திருந்தார், ஆனால் பார்க்காதவர் போலப் படகைப் பார்த்தே நின்றார்.

"குடு," என்று கையை நீட்டினார். "கனக்கும். வண்டியில வை."

"வேண்டாம்."

"வேரு காயும் புள்ள. வெரசா வச்சிரணும். குழி ரெடியா இருக்கு. ராத்திரி பனியில இறுகின மண்ணைக்கூட வெந்நி ஊத்தி எளக்கி வச்சிருக்கேன்."

"பாத்தேன்."

"பின்ன?"

யூலாலி அவரைக் கடந்து லாரிக்குப் போனாள். மொதெஸ்த் கதவைத் திறந்தான். அவள் ஏறி உட்கார்ந்து, கன்றை மடியில் நிறுத்தி, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். அம்புரோஸ் பின்னாலேயே வந்து சன்னல் விளிம்பைப் பிடித்தார். அவர் விரல் நகங்களில் வண்டல் மண் ஏறியிருந்தது.

"யூலாலி, நான் எல்லாத்தையும் விட்டுட்டேன். வேற என்ன செய்யணும், சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

"அந்தக் குழியை மூடிருங்க," என்றாள். "துணி காயப்போடுற எடம். பனி விழுந்துருச்சுன்னா தெரியாது. வெரோனிக்கா காலை விட்டுரப் போறா."

மொதெஸ்த் வண்டியை எடுத்தான். மேட்டுப் பாதையில் லாரி குலுங்கியபோதெல்லாம் யூலாலி இரண்டு கையாலும் வேரைப் பிடித்துக்கொண்டாள்.